இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது

“வணக்கம், வாடிக்கையாளர் சேவை மையம். சொல்லுங்க, என்ன பிரச்சினை?”

“லேப்டாப்புல வைஃபை கனெக்ட் ஆகலை சார். மத்தியானம் ஆன்லைன்ல எனக்கு இன்டர்வியூ வேற இருக்கு” என்றாள் அவள்.

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு குரலில் தேன் ஒழுகியது.

“கவலைப்படாதீங்க மேடம். மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

“பண்ணிட்டேன். போன்ல நெட் வருது. லேப்டாப்புலதான் வரலை.”

“அப்போ திரையில கீழ ஓரமா பாருங்க. குட்டியா ஒரு விமானம் தெரியுதா?”

“எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது சார்.”

“பரவாயில்லை மேடம், நிதானமா பாருங்க. நான் காத்திருக்கேன்.”

“ஆமா, இருக்கு!”

“அது ஏரோபிளேன் மோட். யாரோ கைதவறி ஆன் பண்ணியிருக்காங்க. அதை அமுக்கி ஆஃப் பண்ணிடுங்க.”

வைஃபை வந்துவிட்டது.

“யாரோ இல்ல சார், என் வீட்டுக்காரர்தான். காலையில இன்டர்வியூவுக்கு லேப்டாப்பை ரெடி பண்ணிக் குடுங்கன்னு கேட்டேன். ‘இதுகூடத் தெரியாதா உனக்கு’ன்னு எரிஞ்சு விழுந்து, கீபோர்டை நாலு தட்டு தட்டிட்டுக் கிளம்பிட்டார்.”

“அ... அவசரத்துல இருந்திருப்பார் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் இதே குரல்ல பேசுங்க. நீங்க எடுக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப போன் போட்டு, எத்தனை பேர்கிட்ட ‘ராங் நம்பர்’னு சொல்லி கட் பண்ணேன் தெரியுமா?”

சேவை மையத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான் அவள் கணவன். பின்னால் மேலாளர் ஹெட்போனில் எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தார்.

“கண்டிப்பா மேடம். உங்க பொறுமைக்கு நன்றி.”