காலை நிறுவை

கடற்கரை விடுதியில் புறாக்களை விரட்டுவது வல்லூறுக்கு வேலை. பழக்குபவர் சேவியர் தினமும் காலையில் அதைத் தராசில் வைத்து நிறுப்பார். எடை கூடியிருந்தால் இறைச்சி கிடையாது. பசித்த பறவைதான் விசிலுக்குத் திரும்பி வரும்.

அன்று அது ஒரு புறாவைப் பிடித்து வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தென்னை உச்சியில் உட்கார்ந்திருந்தது. கீழே விசில் கேட்டது.

"இன்றைக்குத்தான் பசியில்லையே, அக்கா. அதோ காடு. பேசாமல் போய்விடேன்" என்றது காகம்.

வல்லூறு காட்டை வெகுநேரம் பார்த்தது. மறுபடியும் விசில் கேட்டது.

"போய்விட்டால் காலையில் என்னை யார் நிறுப்பார்கள்?"

இறங்கிப் போய்ச் சேவியரின் கையுறையில் அமர்ந்தது.

மறுநாள் தராசு முள் எகிறியது.

"மூன்று நாள் பட்டினி கிட" என்று சேவியர் தோல் கண்மூடியைக் கையில் எடுத்தார். அவர் மாட்ட வசதியாக வல்லூறு தலையைத் தாழ்த்திக் கொடுத்தது.