ஹோர்சன்ஸ் அரபிகள்

அந்தோனிதாசனின் வலது தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் ஊரில், வாரம் முழுக்க இறைச்சித் தொழிற்சாலையில் பன்றித் தொடை தூக்கிய தோள். சனிக்கிழமை அதில் பெரிய மேளத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

உடம்பில் படுக்கைவிரிப்பில் தைத்த வெள்ளை அங்கி. தலையில் பீங்கான் துடைக்கும் துணி. அது பறக்காமலிருக்க ஒரு கறுப்புக் கயிறு.

முன்னால் போன டேனிஷ்காரர்களுக்கும் அதே கோலம். வங்கி மனேஜர், பேக்கரிக்காரர், பல் வைத்தியர். ஊரில் அவர்களுக்கு ஒரு சகோதரர் சங்கம் இருந்தது. சங்கத்து பாண்ட் இந்த வருஷக் கோடை ஊர்வலத்தில் அரபு இசை வாசிப்பதென்று முடிவெடுத்திருந்தது.

அவர்களுடைய மேளக்காரர் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். சங்கத்தில் இருந்த தொழிற்சாலைப் போர்மன் பிறெபென், மன்னார்க் கோயில் பாண்டில் அடித்தவனென்று அந்தோனிதாசனைப் பிடித்து வந்தார். மற்றவர்கள் முகத்தில் கொக்கோ பூசியிருந்தார்கள். இவனுக்கு அந்தச் செலவில்லை.

"சவூதிக்குப் போகவெண்டு ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால அலைஞ்சாய். கடைசியில ஹோர்சன்ஸில அரபியாகிட்டாயடா," என்று கூட்டாளி தவராஜா தெருவோரமாய்க் கூடவே வந்து கத்தினான்.

அந்தோனிதாசன் அடியை விடவில்லை. மனைவி மேரிசெலினை முன்வைத்து மடு மாதாவுக்கும் அவனுக்கும் ஒரு கணக்கு இருந்தது. வழியில் நின்றால் கணக்குப் பிழைத்துவிடும்.

அகதித் தமிழரிடம் வந்துசேரக் கேட்ட பெண்சாதிகளுடைய விண்ணப்பங்களை டேனிஷ் அரசாங்க மேலிடத்தில் அமுக்கி வைத்திருந்தார்கள். கேட்டால், பார்க்கிறோம் என்றார்கள். வருஷக்கணக்காய்ப் பார்த்தார்கள்.

அவன் காலில் சப்பாத்தும் இல்லை. கல் பாவிய தெரு வெயிலில் காய்ந்து கிடந்தது. பிறெபென் ஒரு சோடி சப்பாத்தை நீட்டினார். இவன் தலையை ஆட்டி மறுத்தான்.

பிறெபென் யோசித்துவிட்டுத் தன்னுடையதையும் கழற்றினார். பாலைவனத்தில் அதுதான் முறையாக்கும் என்று வங்கி மனேஜரும் கழற்றினார். சந்தி திரும்புவதற்குள் சங்கம் முழுவதும் வெறுங்காலில் நொண்டியது.

கிளாரினட் பாம்பாட்டியது. மேளம் வேறொன்று சொன்னது. மாதாவின் சொரூபத்தைத் தூக்கி வரும்போது அடிக்கிற அடி அது. மெல்ல மெல்லக் கிளாரினட்டும் அதற்கு இறங்கி வந்தது.

அசல் அரபுத் தாளம் என்று பேக்கரிக்காரர் கண் கலங்கினார். கொக்கோ கோடாக வழிந்தது.

நகரச் சதுக்கத்தில் கடைசி அடி விழுந்தது. ஊரே கை தட்டியது. அந்தோனிதாசன் காலைத் தூக்கிக் கொப்புளத்தைப் பார்த்தான். ஒருவழியாகத் தீர்ந்தது என்று மூச்சு விட்டான்.

முன்வரிசையில், சேலைக்கு மேல் அவனுடைய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றாள். செவ்வாய்க்கிழமைதான் விமானத்தால் இறங்கியவள். கோடையிலும் அவளுக்குக் குளிர்ந்தது.

மேரிசெலின் அவன் தலைத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வந்து சேர்ந்தா வெறுங்காலோட மேளம் அடிச்சு வாறன் எண்டுதானே மாதாவுக்கு நேர்ந்தனீங்கள். பீங்கான் துடைக்கிற துணியோட எண்டும் சொன்னனீங்களோ? இந்த நேத்தி உந்த அரபிமாருக்குக் கழிஞ்சுது. மாதாவுக்குக் கழியேல்ல."

என்ன சொல்கிறாள் என்று பிறெபென் கேட்டார்.

இது ஒத்திகையாம் என்று தெரிந்த டேனிஷில் சொன்னான் அந்தோனிதாசன்.

அடுத்தது எப்போது, தாங்களும் வரலாமா என்று சங்கத்தார் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். சப்பாத்தை ஒருவரும் இன்னும் போடவில்லை.

மடு மாதாவுக்கு ஒரு மேளமும் ஒரு வெறுங்கால் நடையும் அப்படியே கடனாக நின்றன.