சிந்தாமல் தின்ற கரடி

பீப்பாய்க்குள் விட்ட தலையை ஆர்மண்ட் வெளியே எடுத்தபோது, அவர் முகத்தில் கோயிலுக்குப் போய்வந்த களை தெரிந்தது.

"பெரிசு," என்றார் மனைவியிடம். "ரொம்பப் பெரிசு. நேத்து வெச்ச ஒரு பெட்டி டோனட்டையும் மிச்சம் வெக்காம முடிச்சிருக்கு."

லூசில் குனிந்து பீப்பாயைச் சுற்றியிருந்த பாசியைப் பார்த்தாள். "ஒரு துணுக்குகூடச் சிந்தலையே. நீ ஒரு டோனட் தின்னா சட்டையெல்லாம் சர்க்கரை. இது என்ன, மடியில துண்டு விரிச்சுக்கிட்டுத் தின்னுதா?"

"வயசான கரடி. நிதானமாத் தின்னும்."

"அந்த நிதானத்தை அதுகிட்ட நீ கத்துக்கலாம்."

மெய்ன் மாநிலத்தின் வடகோடிக் காட்டில் ஆர்மண்ட் பெல்ட்டியருக்கு வேட்டை வழிகாட்டித் தொழில். பழைய டோனட்டைப் பீப்பாயில் போட்டு, எதிரே மரத்தில் பரண் கட்டி, அதில் வாடிக்கையாளரை ஏற்றிவிட்டால் மீதியைக் கரடியின் பசி பார்த்துக்கொள்ளும். பீப்பாய் காலியானால் கரடி பழகிவிட்டது என்று பொருள்.

இந்த முறை பீப்பாய் தினமும் காலியானது. கரடிதான் கிடைக்கவில்லை.

பரணில் இருந்தவர் சாதாரண ஆள் அல்ல. கனெக்டிகட்டில் கனவான்கள் மட்டும் சேரக்கூடிய ஒரு வேட்டைச் சங்கத்தின் தலைவர், திருவாளர் பிரெஸ்காட். தொப்பியில் இறகு. துப்பாக்கிப் பிடியில் வெள்ளியில் பெயர்.

வந்த அன்றே சாப்பாட்டு மேசையில் அறிவித்துவிட்டார். "என் துப்பாக்கி குடுக்கறதைத்தான் நான் திம்பேன். மாவு, சர்க்கரை எதையும் தொடமாட்டேன். வேட்டைக்காரன்னா ஒரு விரதம் வேணும்."

லூசில் சுட்டு வைத்திருந்த புளூபெர்ரி கேக்கை ஒரு விரலால் தள்ளிவைத்தார். பையிலிருந்து, தானே சுட்ட மானின் உப்புக்கண்டத்தை எடுத்து வெகுநேரம் மென்றார். ஆர்மண்ட் மலைத்துப்போனார். தன் கேக்கை வேண்டாமென்ற முதல் ஆளை லூசில் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

ஆர்மண்டின் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "பரண்ல ஏறினா நான் வந்து கூப்பிடற வரைக்கும் இறங்கக் கூடாது சார். பீப்பாய்ப் பக்கம் போகவே கூடாது. மனுஷ வாடை பட்டா கரடி அந்தத் திசையிலேயே வராது."

"எனக்கே சொல்றியா? சங்கத்துல இதுக்கு வகுப்பு எடுக்கறவனே நான்தான்."

மதியம் ஏற்றிவிட்டு இருட்டும் நேரத்தில் ஆர்மண்ட் அழைக்கப் போவார். தினமும் ஒரே பதில்தான். "வந்துது, நிழல் மாதிரி. கோணம் சரியில்ல. கண்ட கோணத்துல சுடறவன் நான் இல்ல."

பீப்பாய் வைத்து வேட்டையாடும் காலம் இந்தச் சனிக்கிழமை மாலையோடு முடிகிறது. பிரெஸ்காட்டின் லைசென்சுக்கு ஒரு கரடி. சுட்ட கரடியின் காதில் கட்டவேண்டிய அட்டை அவர் பர்சிலேயே கசங்கிக்கொண்டிருந்தது. கரடி விருந்துக்குச் சங்கத்தையே அழைத்தாயிற்று; அதன் தலையை மாட்டச் சுவரில் ஆணிகூட அடித்தாயிற்று. அவர் வெறுங்கையோடு போனால் அடுத்த வருஷம் அந்தச் சங்கத்திலிருந்து ஒரு ஆள் வராது. ஆர்மண்டின் பிழைப்பில் பாதி அந்தச் சங்கம்தான்.

கடைசி நாள் காலையில் பிரெஸ்காட் ஆர்மண்டைத் தனியே அழைத்தார். "சீசனை ஒரு வாரம் தள்ளி வெக்க அரசாங்கத்துல யார்கிட்டப் பேசணும்? என் பேரைச் சொன்னா போதும்."

"கரடிகிட்ட வேணா சொல்லிப் பாக்கலாம் சார்," என்றாள் லூசில், பாத்திரம் கழுவியபடியே.

அன்று பார்த்து டோனட் வாங்கும் பேக்கரி மூடியிருந்தது. முதலாளியின் மகளுக்குக் கல்யாணம். லூசில் கசாப்புக் கடையில் ஒரு வாளி கொழுப்பும் மீன் தலைகளும் வாங்கி வந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு இருவரும் பீப்பாயில் கொட்டினார்கள். மூடியைப் போட்டு, மேலே கட்டையை உருட்டி வைத்தார்கள்.

"அவருகிட்ட மூச்சு விடாத," என்றார் ஆர்மண்ட். "இந்தக் கரடி டோனட்டுக்குத்தான் வருதுன்னு நம்பிக்கிட்டிருக்காரு. கடைசி நாள்ல மனசு ஒடஞ்சு போயிடும்."

"நான் ஏன் சொல்லப் போறேன்? அவரு என் கேக்கையே தொடல."

பிரெஸ்காட் வழக்கம்போல மதியம் பரணேறினார். மாலையில் கரடியை இழுக்கக் கயிறோடு லூசிலும் புறப்பட்டாள். வழியெல்லாம் ஆர்மண்ட் வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு வெடிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். சூரியன் இறங்கியது. சட்டப்படி சுடலாம் என்கிற நேரமும் அதோடு போனது. சத்தம் வரவில்லை.

பரணுக்குக் கீழே பிரெஸ்காட் கைகட்டி நின்றிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"வந்துதா சார்?"

"வரல."

ஆர்மண்ட் தொப்பியைக் கழற்றினார். சுவரிலிருந்த ஆணியும் அடுத்த வருஷத்து வருமானமும் கண்முன் வந்து போயின. "மன்னிச்சுக்கங்க சார். என்னால ஆனதெல்லாம் செஞ்சேன். அடுத்த வருஷம் கண்டிப்பா..."

பிரெஸ்காட் கையை உயர்த்தினார். சங்கக் கூட்டத்தில் முடிவுரை சொல்லும் தோரணையில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்த வருஷம் எங்க ஆளுங்க வரணும்னா உன் ஏற்பாடு ஒரே மாதிரி இருக்கணும் ஆர்மண்ட். மத்த நாளெல்லாம் ஒரு குறையும் இல்ல. இன்னைக்கு மட்டும் ஏன், ஜாம் வெச்ச டோனட் ஒண்ணுகூடப் போடல?"