பாதிப் பாட்டு

வைரக்கண்ணு ஏழாவது தடவையும் நாயனத்தை அதே இடத்தில் நிறுத்தினார். இளஞ்செழியனுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

ஒரே கிறிஸ்துமஸ் பாட்டை ஆளாளுக்கு வாசிப்பதைப் பதிவு செய்து சேர்ப்பவன் அவன். தொண்ணூற்றொன்பது சேர்ந்துவிட்டது. நூறாவது பதிவு நாயனமாக இருக்கட்டும் என்று தஞ்சாவூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தான். பாதிப் பாட்டை அவன் சேர்ப்பதில்லை.

“மீதியையும் வாசிங்கண்ணே.”

“மீதி ஏது? பாட்டே இவ்வளவுதான் தம்பி.”

“இன்னும் பாதி இருக்குண்ணே. பதினோரு வருஷமா இதே வேலையா அலையிறேன், எனக்குத் தெரியாதா?”

“நான் தெனமும் கேக்குறவன். ஒருநாளும் இதைத் தாண்டிப் போனதில்ல.”

“அப்படி யாருகிட்டதான் கத்துக்கிட்டீங்க?”

வைரக்கண்ணு எதிரே இருந்த நெல் கொள்முதல் நிலையத்தைக் காட்டினார். மூட்டை ஏற்ற வந்த லாரி ஒன்று கேட்டிலிருந்து ரிவர்ஸில் உள்ளே போனது. அதன் ரிவர்ஸ் ஹாரன் அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தது. லாரி பின்சுவரை ஒட்டிப் போய் நின்றது. பாட்டும் நின்றது.

“மீதி வேணும்னா, அந்தச் சுவத்தை இடிக்கச் சொல்லு தம்பி” என்றார் வைரக்கண்ணு.