ஊர்த் தலைவியோடு ஒரு ஒத்திகை

"'எங்க ஊருக்கு நீங்க வரவே வேண்டாம்'னு சொல்றாங்க" என்று மொழிபெயர்த்தார் கேப்டன்.

கணக்கு டீச்சருக்குச் சுருக்கென்றது. எதிர் நாற்காலியில் அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

டயர் கடை மாடியில் இருந்த அந்த அறையில்தான் ஞாயிறுதோறும் பயிற்சி. கோடை விடுமுறையில் கடல் கடந்து ஒரு மலைக் கிராமத்துக்குப் போய், பிள்ளைகளுக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்துவிட்டு வருவதென்று சேர்ந்த தொண்டர் குழு அது. குழுவை நடத்தும் கேப்டன் ஏற்கெனவே அங்கே தங்கியவர், அந்த ஊர்ப் பாஷை தெரிந்தவர். போன வாரம் ஒரு நாடக நடிகரைக் கூட்டிவந்து விமான நிலைய அதிகாரியாக உட்காரவைத்தார். அவர் போட்ட போட்டில் குழுவிலிருந்த பல் டாக்டர் அழுதே விட்டாள். இந்த வாரம், "இவங்கதான் ஊர்த் தலைவி. உங்க திட்டத்தைச் சொல்லுங்க" என்று இந்தப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

"யப்பா! போன வாரத்து ஆளைத் தூக்கிச் சாப்பிட்டுடுவாங்க போலிருக்கே" என்றார் பஸ் டிரைவர். மெதுவாகப் பேசத் தெரியாததால் குழுவில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். "இல்லாத பாஷையை என்னமா எடுத்து விடறாங்க பாருங்க!"

கேப்டன் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

"ஏன் வரக்கூடாதுன்னு கேளுங்க கேப்டன்" என்றார் டீச்சர். வீட்டில் மல்லுக்கட்டி இந்த விடுமுறையை வாங்கியவர் அவர். நூலகத்தின் வரைபடமும் அவர் கையால் போட்டதுதான்.

அந்தப் பெண் படபடவென்று பொரிந்தார். கேப்டன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"கோடையிலதான் அங்க தண்ணி கம்மி. அப்பப் பார்த்து இத்தனை பேர் வந்து குளிப்பீங்க, துவைப்பீங்க. யார் சுமக்கறது? அப்புறம், நூலகம் வேணும்னு உங்ககிட்ட யார் கேட்டாங்களாம்? அவங்க பள்ளிக்கூடத்துலயே புத்தகம் இருக்காம்."

பிறகு அந்தப் பெண் பல் டாக்டரின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"'பஞ்சு மாதிரி இருக்கே, இது கல்லு தூக்குமா?'ங்கறாங்க."

"நான் பல்லு பிடுங்கறவ. என் பிடி எப்படின்னு தெரியணும்னா வாயைத் திறக்கச் சொல்லுங்க!" என்றாள் டாக்டர்.

கேப்டன் இதைச் சொன்னதும் அந்தப் பெண் சட்டென்று வாயை இறுக்க மூடிக்கொண்டார். கண் மட்டும் சிரித்தது.

டீச்சர் விடவில்லை. வரைபடத்தை விரித்து ஜன்னலைக் காட்டினார், அலமாரியைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: வேண்டாம்.

"கேப்டன், இது பயிற்சியா, பழிவாங்கலா? எதைச் சொன்னாலும் வேண்டாம்னு சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கீங்களா?"

"நான் எதுவும் சொல்லித் தரலை டீச்சர்."

டீச்சர் வரைபடத்தைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டு, நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

"சரிங்க. நாங்க எதையும் முடிவு பண்ணிட்டு வரலை. உங்களுக்கு என்ன வேணும்? நீங்க சொல்லுங்க."

அந்தப் பெண்ணின் கட்டிய கை அப்போதுதான் அவிழ்ந்தது. தணிந்த குரலில் ஏதோ சொன்னார். சொல்லிக்கொண்டே பேண்டை முழங்கால் வரை ஏற்றினார். நீளமாக ஒரு தழும்பு.

"மேக்கப்பெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்காங்கப்பா!" என்று வியந்தார் ஹாரன்.

"ஊத்து பள்ளத்துல இருக்கு" என்றார் கேப்டன். "குடத்தோட ஏறும்போது பொம்பளைங்க வழுக்கி விழறாங்களாம். இவங்களும் விழுந்திருக்காங்க. படி வேணும். பிடிச்சுக்க ஒரு கம்பி வேணும். அவ்வளவுதான்."

ஹாரன் எழுந்தே விட்டார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன! எங்க வீட்டு மாடிப்படியை நானும் என் மச்சானும்தான் கட்டினோம். கொஞ்சம் கோணல்தான். ஆனா இதுவரைக்கும் மாமியாரைத் தவிர யாரும் விழலை. அதுகூட நாங்க தள்ளிவிட்டது இல்லைன்னு சொல்லுங்க. அப்புறம், நாங்க குளிக்கிற தண்ணியை நாங்களே சுமப்போம், அதையும் சொல்லிடுங்க!"

இதை மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

டீச்சர் அதற்குள் கரும்பலகையில் சரிவை வரைந்து, படிக்கு எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் வந்து சாக்பீஸை வாங்கி, நேர்க்கோட்டை அழித்துவிட்டு வளைவாகப் போட்டார். இங்கே ஒரு பாறை, அங்கே ஒரு மரம், இந்தத் திருப்பத்தில்தான் வழுக்கும். டீச்சர் விரலை வைத்துக் கேட்க, அவர் தலையசைக்க, இருவரும் அடித்தடித்து எழுதினார்கள். கேப்டனை யாரும் தேடவே இல்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்து அழுத்தினார். கேப்டனிடம் ஏதோ சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கையசைத்தபடி படியிறங்கிப் போனார். அறை கைதட்டலில் அதிர்ந்தது.

"என்ன நடிப்பு, என்ன நடிப்பு!" டீச்சர் முகமெல்லாம் பல்லாக நின்றார். "கேப்டன், அவங்க எந்த நாடகக் குழு? அடுத்த வாரமும் அவங்களையே வரச் சொல்லுங்க."

"அடுத்த வாரம் வர மாட்டாங்க டீச்சர், இன்னிக்குச் சாயந்திரம் அவங்களுக்கு விமானம்" என்றார் கேப்டன். "நடிப்புன்னு யார் சொன்னது? வந்ததுமே சொன்னேனே, இவங்கதான் ஊர்த் தலைவின்னு! ஊருக்கு யாரைக் கூப்பிடலாம்னு நேர்ல பார்க்க வந்தவங்க. ரெண்டு குழுவைப் பார்த்து வேண்டாம்னு ஒதுக்கிட்டு நம்மகிட்ட வந்தாங்க. 'இவங்க வரட்டும், நான் முன்னாடி போய் அடுப்பு மூட்டி வைக்கிறேன்'னு சொல்லிட்டுப் போறாங்க."