சபையைப் பார்த்து

வெள்ளை அங்கியின் கடைசிப் பொத்தானைப் போட்டு, கழுத்துப் பட்டையை நிமிர்த்தி விட்டார் கோயில்பிள்ளை. கழுத்தில் கை பட்டாலே மகனுக்குக் கூச்சம்; சின்ன வயதில் சட்டை மாட்டுவதற்குள் நெளிந்து தீர்ப்பான். இன்று நெளியவில்லை.

"அளவு கச்சிதமா இருக்குங்க" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை குருப்பட்டத்துக்கென்று தைத்த அங்கி. அன்றைக்கு வர வேண்டிய பேராயர் இன்றைக்கே வருகிறார். சனம் வெளியே காத்திருந்தது.

கமிட்டிச் செயலாளர் விறுவிறுவென்று உள்ளே வந்தவர், பீடத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"என்னய்யா இது? உம் மகன் சபையைப் பாத்து இருக்கான்?"

கோயில்பிள்ளை அங்கியின் மடிப்பை நீவிவிட்டார்.

"குருவானவர்தான் சபையைப் பாத்து இருக்கணும். மத்தவங்க எல்லாம் பீடத்தைப் பாத்துதான். முப்பது வருஷமா இங்க மணியடிச்சுப் பெருக்குற. முறை தெரியாதா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சேதான் செஞ்சியா? பட்டம் ஞாயித்துக்கிழமை. மூணு நாள் முன்னாடியே உம் மகன் குருவானவர் ஆயிட்டானா?"

"மூணு நாள்தானுங்களே."

"மூணு நாளோ, மூணு நிமிஷமோ! பேராயர் தலையில கை வைக்கிற வரைக்கும் அவனும் நம்மள மாதிரிதான். திருப்புய்யா. என் மானம் போகப் போகுது."

"அந்தப் பக்கம் பாக்கணும்னுதானே இத்தனை வருஷம் படிச்சான்" என்றாள் மனைவி, யாரிடமும் இல்லாமல்.

போன வாரம்தான் கோயில்பிள்ளை மகனை 'ஐயா' என்று கூப்பிட்டுப் பழகிப் பார்த்தார். பட்டம் வாங்கிய பிறகு சபைக்கு முன்னால் பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா? "வேணாம்ப்பா, நீங்க ஐயான்னா நான் பீடத்துலயே சிரிச்சிருவேன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான் அவன்.

கார்க் கதவு சாத்தும் சத்தம். பேராயர் உள்ளே வந்தார். செயலாளர் முந்திக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க. கோயில்பிள்ளை முறை தெரியாம செஞ்சிட்டான். இதோ, மாத்திடறோம்."

பேராயர் நேரே மகனிடம் போனார். இரண்டு கையையும் அவன் தலைமேல் வைத்துக் கண்ணை மூடினார். உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது அது நனைந்திருந்தது.

"இவர் இப்படியே சபையைப் பாத்து இருக்கட்டும்" என்றார்.

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். கோயில்பிள்ளை தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். எந்தக் குருவானவரிடமும் உத்தரவு கேட்பதுபோல மகனின் காதருகே குனிந்தார். அவன் சிரித்துவிடுவானோ என்று ஒரு நொடி முகத்தைப் பார்த்தார்.

"ஐயா... பெட்டியை மூடட்டுங்களா?"