மாரக்கா நாட்டு மாப்பிள்ளை

“மாரக்காவுல எத்தன அடீல தண்ணி வருது சாமி?” என்று பெண்ணின் அம்மா கேட்டார்.

“எழுநூறு அடி போகோணுங்க அத்தை. மேல பூராவும் செகப்புப் புழுதி” என்றான் ஆனந்தகுமார். மூன்று வருடமாக அந்த மண்ணைத் துளைத்தவன் போலக் கையை வேறு சுழற்றிக் காட்டினான்.

மல்லசமுத்திரத்துக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வந்தவர்கள் இரண்டே பேர், அவனும் அவன் அப்பா செல்லமுத்துவும். தட்டில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

“பேரக் கேட்டதுமே எனக்குப் புடிச்சுப்போச்சுங்க” என்று அந்த அம்மா சிரித்தார். “என்ற பேரு மாரக்காள். எம்பேர்லயே ஒரு நாடு இருக்கறது இத்தன நாளாத் தெரியாமப் போச்சு பாருங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனந்தகுமாரும் சிரித்தான், ஆனால் பார்வையைப் பஜ்ஜித் தட்டுக்குத் திருப்பிக்கொண்டான்.

ஏனென்றால் மாரக்கா என்று ஒரு நாடு இந்தப் பூமியிலேயே இல்லை. டிவியில் தமிழ் பேசிக்கொண்டு ஓடும் வெளிநாட்டு விண்வெளி சீரியல் ஒன்றில் வருகிற கிரகம் அது.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆப்பிரிக்காவில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலைக்குப் போகிறான் என்று தெருவே மாலை போட்டு அனுப்பியது. ஏஜெண்ட் சென்னையிலேயே கைகழுவிவிட்டான். ஊர் திரும்ப முகமில்லாமல், சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மெஸ்ஸில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்துகொண்டான் ஆனந்தகுமார். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரம்தான்.

“எந்த நாட்டுல சாமி இருக்கற?” என்று அப்பா போனில் கேட்டபோது, மெஸ் டிவியில் ஒரு விண்கலம் இறங்கிக்கொண்டிருந்தது. “மாரக்காவில் தரையிறங்குகிறோம்” என்றது ஒரு குரல். அதையே அப்பாவிடம் சொல்லிவிட்டான்.

ரிக் வண்டி போகாத நாடே கிடையாது என்று நம்புகிற ஊர் அது. மாரக்கா எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருத்தர் கேட்க வேண்டுமே! போன மாதம் அவன் ஊருக்கு வந்ததும், அப்பா அதைப் பெருமையாகப் பயோடேட்டாவிலும் அடித்துக் கொடுத்துவிட்டார்.

“அங்க வெயிலு கடுசுங்களா?” என்றார் மாரக்காள்.

“ரெட்டை வெயிலுங்க அத்தை. ஒரு சூரியன் எறங்கறதுக்குள்ள இன்னொண்ணு...” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

காபித் தட்டோடு வந்த அமுதவல்லி சட்டென்று நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு டம்ளரை நீட்டினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

“புள்ளைக்கு என்ன வேலைங்க?” என்று கேட்டார் செல்லமுத்து.

“ஊட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல எழுதற வேலைங்க. எந்நேரமும் என்னமோ எழுதிக்கிட்டே இருக்குது, எனக்கு ஒண்ணும் வெளங்காது” என்ற மாரக்காளின் முகம் கொஞ்சம் வாடியது. “போன தடவ வந்த பையன் இஞ்சினீருன்னு பொய் சொல்லிப்போட்டானுங்க. நிச்சயம் வரைக்கும் வந்து நின்னுபோச்சு. வேற எதுன்னாலும் பாத்துக்கலாமுங்க, பொய் மட்டும் ஆகாது.”

“எம்பையனுக்குப் பொய்யே வராதுங்க” என்று செல்லமுத்து மகன் தலையில் கையை வைத்தார். “இவந்தல மேல சத்தியமாச் சொல்றனுங்க.”

அந்தக் கை தலையில் இருந்தவரை ஆனந்தகுமார் நிமிரவே இல்லை. மனுசன் வாழ்நாளில் ஒரு பொய்ச் சத்தியம் செய்து அவன் பார்த்ததில்லை. இன்றைக்குச் செய்துவிட்டார், அதுவும் தெரியாமல், பெற்ற மகனை நம்பி. எழுந்து ஓடிவிடலாமா என்று செருப்பு கிடக்கும் இடத்தைக்கூடப் பார்த்தான்.

“ரெண்டு பேரும் மாடீல போயிப் பேசிட்டு வாங்க சாமி” என்று மாரக்காள் அனுப்பிவைத்தார்.

மாடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் முகத்தைப் பார்க்காமலே ஆரம்பித்தான் ஆனந்தகுமார்.

“நான் எங்கயும் போவுலீங்க. மூணு வருசமா அஸ்தம்பட்டி மெஸ்ஸுல வெங்காயம் உரிச்சிட்டிருந்தனுங்க. மாரக்கான்னு நாடே இல்லீங்க, அது டிவி சீரியல்ல வர்ற கிரகம்.” கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். “உங்கம்மா மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னத நெனச்சா எனக்கே கேவலமா இருக்குதுங்க. கீழ போயி எல்லார்த்துகிட்டயும் நானே சொல்லிப்போடறன்.”

அமுதவல்லி அதிரவில்லை. “தெரியுமுங்க” என்றாள். “பயோடேட்டா வந்த அன்னைக்கே தெரியும். நேர்ல வந்தாவது நெசத்தச் சொல்வீங்களான்னு பாக்கத்தான் வரச் சொன்னேன்.”

அவனுக்கு அங்கேயே தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. இத்தனை நேரம் கீழே அடித்த எழுநூறு அடியையும் செம்மண் புழுதியையும் இவள் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாள்.

“நீங்க அந்த சீரியல் பாப்பீங்களா?”

“இங்கிலீசுல அந்தக் கெரகத்துக்கு வேற பேருங்க. தமிழ்ல சொன்னாக் கெட்ட வார்த்தையாட்டக் கேக்கும். அதனால தமிழ் வசனத்துல மட்டும் பேர மாத்திப்போட்டாங்க.”

“அது உங்களுக்கு எப்படீங்க தெரியும்?”

கீழே செல்லமுத்துவிடம் இன்னும் ரெண்டு பஜ்ஜி எடுத்துக்கச் சொல்லி மாரக்காள் வற்புறுத்துவது கேட்டது. அமுதவல்லி அந்தக் குரல் வந்த பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

“அதுக்கு எங்கம்மா பேர வெச்சதே நாந்தானுங்க.”